எல்லாம் பறவைதானாம்

என் தம்பி விமானி. போன மழைக்காலத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறான். சமைக்கிறான், துணி மடிக்கிறான், நான் நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் கார்களை ஒன்று விடாமல் கழுவுகிறான். கொட்டும் மழையில் அவன் இறக்கிய விமானம் ஓடுபாதையில் நிற்காமல் புல்வெளிக்குள் போய் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை என்றான் இவன். நீ லேட்டாக மிதித்தாய் என்று சொல்லி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது விமானப் பாதுகாப்பு அலுவலகம்.

அவனோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு. அதே ரக விமானம், இதே மாதிரி மழை. என் நல்ல நேரம், ஓடுபாதை மிச்சமிருந்துச்சு. அப்பவே பாதுகாப்பு ஆபீசுக்கு எழுதிக் குடுத்தேன்" என்றார்கள். இதை விசாரணையில் வந்து சொல்லுங்களேன் என்றால், காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள், என்ன செய்வார்கள்? இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள் என்று அந்த அலுவலகத்தைக் கேட்டேன். முடியாது, வேண்டுமானால் எங்கள் இணையதளத்தைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தேன். தேதி இல்லை, இடம் இல்லை, வெறும் மொத்த எண்ணிக்கைதான். அந்த ரகத்துக்கு நேராக 'பறவை மோதல்' என்று ஒரு பெரிய எண். உலகத்துப் பறவையெல்லாம் இந்த ஒரு விமானத்தைத் தேடிவந்து முட்டுகிறதா? விடுவேனா நான்? தகவல் ஆணையத்துக்குப் போனேன்.

விசாரணை அன்று ஆணையத்து வாசலிலேயே தம்பி கெஞ்சினான். "அக்கா, உள்ள வந்து கத்தாதே."

"நான் எங்கடா கத்தறேன்? என் குரலே அப்படி."

சின்ன அறை. நடுவில் மேசை, அதன் தலைமாட்டில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆணையர் அம்மா. எங்களுக்கு எதிரே பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி. அசைந்தால் சட்டை கசங்கிவிடும் என்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மனதுக்குள் அவருக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர் வைத்தேன். அவர் பக்கத்தில், வருகிற அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அலுவலகப் பெண்.

"பைலட்டுங்க எங்கள நம்பி எழுதறாங்க மேடம்," என்றார் கஞ்சிச்சட்டை. "வெளிய விட்டா நாளைக்கு ஒருத்தரும் எழுத மாட்டாங்க. ஜனங்களும் பயந்துடுவாங்க."

"எழுதினவங்களே எங்க வீட்டுக்கு வந்து, எழுதியும் ஒண்ணும் நடக்கலைன்னு புலம்பிட்டுப் போறாங்க," என்றேன். "பயம் ஜனங்களுக்கு இல்ல சார், உங்களுக்கு."

"அதுல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் பறவை மோதினதுதான்."

"எல்லாமேவா? என் தம்பி இறக்கினதும் அதுல இருக்கா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அலுவலகப் பெண் முன்னால் இருந்த லேப்டாப்பை ஆணையர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தேடினார், படித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இவர் புல்லுக்குள்ள போனதுகூட பறவை மோதல்னுதான் இருக்கு. அப்ப லைசென்ஸ எதுக்கு வாங்கி வெச்சீங்க?"

கஞ்சிச்சட்டை பக்கத்தில் திரும்பினார். அலுவலகப் பெண்தான் பதில் சொன்னாள். "காரணம் போடலைன்னா கம்ப்யூட்டர் அடுத்ததுக்குப் போக விடாது மேடம். அதனால வரிசைல மொதல்ல இருக்கறதப் போட்டு வெப்போம். மொதல்ல இருக்கறது பறவை. விசாரிச்சப்புறம் மாத்தணும்."

"மாத்தினீங்களா?"

"விசாரிச்சாத்தானே மேடம் மாத்தறது? இவரோடதுல பைலட்டத்தான் விசாரிச்சாங்க. விமானத்த விசாரிக்கல."

அடப்பாவிகளா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு. ஆணையர் எல்லாரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்.

தாழ்வாரத்தில் கஞ்சிச்சட்டை எங்களிடம் வந்தார். "எதுக்கும்மா இத வளக்கணும்? மனுவ வாபஸ் வாங்கிக்கோங்க. தம்பியோடதப் பறவைன்னே முடிச்சிடறேன். அடுத்த மாசம் அவர் பறக்கலாம்."

வீட்டுக்கு மேலே விமானம் போகிற சத்தம் கேட்டால் தம்பி அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடுவான். இறங்கி வரும்போது முகத்தைப் பார்க்க முடியாது. அந்த முகம் மாறினால் போதும் எனக்கு.

"லைசென்ஸ வாங்கிக்கோடா," என்றேன். "ஊருக்காக நாம எதுக்கு அழியணும்?"

"வாங்கிட்டு?" என்றான். "மறுபடி அதே ரகத்துலதான்க்கா உக்காருவேன். பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். மழை வந்தா நான் என்ன பண்ணட்டும்? சொல்லு."

வெட்கமாக இருந்தது. அழுகை முட்டியது, கூடவே கோபமும். எனக்குக் கோபம்தான் சரளமாக வரும். "சார், வாயில்லாத ஜீவன் மேல பழி போட்டது போதும். உள்ள வாங்க," என்றேன். தாழ்வாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உள்ளே போனதும் தம்பிதான் முதலில் எழுந்தான். "மேடம், வாபஸ் வாங்கினா லைசென்ஸ் தர்றோம்னு வெளிய சொன்னாங்க. எனக்கு லைசென்ஸ் வேணும், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்குப் பதிலா வேண்டாம். அந்த அறிக்கைங்கள டிக்கெட் வாங்கற யாரும் படிக்கற மாதிரி போடுங்க. படிச்சப்புறமும் தப்பு என் மேலதான்னா லைசென்ஸ அவங்களே வெச்சுக்கட்டும்."

நான் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஆணையர் கஞ்சிச்சட்டையின் பக்கம் திரும்பினார். "இந்த ரக விமானம் எதையாவது நிறுத்தி வெச்சீங்களா?"

"அது... ஃபைலப் பார்த்துதான் மேடம்..."

"நிறுத்தல மேடம்," என்றாள் அலுவலகப் பெண். மேலதிகாரி முறைத்ததை அவள் பார்க்காமல் இல்லை. "எல்லாம் பறந்துட்டுத்தான் இருக்கு. இந்த நிமிஷங்கூட ஆளுங்கள ஏத்திக்கிட்டு மேலதான் இருக்கு."

ஆணையர் வேறு எதுவும் கேட்காமல் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, அறிக்கைகள் முழுவதும், எல்லாருக்கும், இன்றைக்கே.