டெய்லரை இறக்கிய விதம்

ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம் ஆகியும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் முங்கி எழுந்தபோது இருமல் வந்தது, அவ்வளவுதான். சபையில் மற்றவர்கள் கண்ணை மூடியதும் ஜெபம் திறந்துவிட்ட குழாய் போலக் கொட்டுகிறது. எனக்கு 'ஆண்டவரே' என்பதற்கு அப்புறம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வசனம் போய்ப் பிரசங்கம் வந்துவிடும். பாட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முப்பது வருடம் சிமென்ட் தூசி தின்ற தொண்டை. பாஸ்டர் ஒரு கருங்கல்லை முக்கி எடுத்துவிட்டாரோ என்று எனக்கே சந்தேகம்.

அதை அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. என் தோளைப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு டெய்லர் இருக்கிறார், விபத்தில் இரண்டு காலும் செத்துவிட்டன, நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, சபைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை தூக்கிவர முடியுமா என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. கிடங்கில் ஐம்பது கிலோ மூட்டையை நாள் முழுக்கச் சுமக்கிறவன். ஆண்டவருக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிற ஒரே சரக்கு இந்த முதுகுதான்.

டெய்லருக்கு என் வயதுதான். விடிவதற்கு முன்பே தயாராகி, இஸ்திரி போட்ட சட்டையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தூக்கினேன்: வலது தோளில் குறுக்காக, கால் முன்னே, தலை பின்னே. மூன்றாவது மாடியில் என் முதுகுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏப்பா, நான் விட்டுட்டு வந்ததையெல்லாம் பாத்துக்கிட்டே வர்றேன். முன்னாடி என்ன வருதுன்னு நீ சொல்லு."

சபையில் எல்லோரும் பாட்டை நிறுத்தாமலே வழிவிட்டார்கள். முதல் பெஞ்சு காலியாக இருந்தது. அங்கேதான் தப்பு நடந்தது. மூட்டைக்காரனுக்கு ஏற்றுவதில்தான் கவனம் வேண்டும். இறக்குவதில் வேண்டாம். அடுக்கு வந்ததும் தோள் தானாகச் சாயும், மூட்டை தானாகச் சரியும், நாம் அடுத்ததற்குத் திரும்பிவிடுவோம். பெஞ்சின் உயரம் சரியாக எங்கள் அடுக்கின் உயரம். தோள் சாய்ந்தது. 'தொம்' என்று சத்தம். பாட்டு நின்றது. டெய்லர் பெஞ்சில் பட்டுத் தரையில் கிடந்தார். நானோ அடுத்த மூட்டைக்காக வாசலை நோக்கி மூன்று எட்டு போயிருந்தேன்.

முழங்கை சிராய்ப்பு மட்டும்தான். திரும்பவும் நானே தூக்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில்தான் சொன்னார்.

"நீ நல்ல மனுஷன்தான். ஆனா இனிமே வர வேண்டாம். நான் ஒரு சாமான்னு எல்லாருக்கும் காட்டிட்டே."

இருந்த ஒரே சரக்கும் போயிற்று. அந்த வாரம் கிடங்கில் ஒவ்வொரு மூட்டையையும் தோள் சாயாமல் இறக்கிப் பழகினேன். மேஸ்திரி வந்து, மூட்டைக்குத் தாலாட்டும் பாடுவாயா என்று கேட்டார். நான் பாடவில்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஆண்டவரே, இதையாவது மெதுவா வைக்க விடும். ஆண்டவரே, இன்னொன்று. வேலை முடிந்து கை கழுவும்போதுதான் உறைத்தது, காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று.

சனிக்கிழமை மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன். டெய்லரின் மனைவி திறந்தார். டெய்லர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மன்னிப்புக் கேட்கவும் வார்த்தை வரவில்லை. மூலையில் துணி போர்த்திக் கிடந்த தையல் மெஷினைப் பார்த்தேன். மேஜையோடு அப்படியே தூக்கிவந்து, முட்டியை மடக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் டம்ளர் வைத்த சத்தம்கூட இல்லை.

அவர் திரும்பினார். கை தானாகச் சக்கரத்துக்குப் போயிற்று.

"இதை யாரு இங்க வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை, டெய்லரே. மெதுவா வைக்கக் கத்துக்கிட்டேன்னு காட்டணும்னு தோணுச்சு."

சக்கரத்தை இரண்டு சுற்று உருட்டிப் பார்த்தார். பிறகு, தப்பு முதுகில் இல்லை, தூக்குகிற தினுசில் என்றார். கெட்டித் தார்ப்பாய் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடங்குக்கு ஓடி, கிழிந்த லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். என்னை நிறுத்தி அளவெடுத்தார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை, இது உடம்பா தூணா என்று முனகினார். அவர் கால் இரண்டும் நுழைய ஓட்டை வைத்த உட்காரும் பை, என் தோளில் மாட்ட இரண்டு பட்டை. அவரால் பெடல் மிதிக்க முடியாதே. நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பெடலை அமுக்கினேன். மூன்று ஊசி உடைந்தது. அவர் திட்டத் திட்ட அவர் மனைவி சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மெஷின் சத்தம் கேட்டு இரண்டு வருடமாம்.

மறுநாள் அவர் என் முதுகில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் என் தோளுக்கு மேலே.

"இன்னைக்கு எனக்கும் முன்னாடிதான் தெரியுது," என்றார்.

மூன்றாவது மாடியில் பாட ஆரம்பித்தார். முன்பெல்லாம் சபைப் பாடகர் குழுவில் கனத்த அடிக்குரல் அவருடையதாம், எனக்குத் தெரியாது. படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது. கதவுகள் திறந்தன. துடைப்பத்தோடு ஒரு அம்மா அப்படியே நின்றுவிட்டார். எனக்குப் பாட்டு காது வழியாக வரவில்லை. அவர் நெஞ்சிலிருந்து நேராக என் முதுகெலும்புக்குள் இறங்கியது. தெருவுக்கு வந்தபோது நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

முதல் பெஞ்சு வந்தது. தோள் பழக்கத்தில் சாயப் பார்த்தது. நின்றுவிட்டேன். திரும்பி, பின்பக்கமாக, முட்டியை மடக்கினேன்.

"ஆண்டவரே, இவரைப் பிடிச்சுக்கும். என்னையும் பிடிச்சுக்கும்."

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். சபை முழுக்கக் கேட்டிருக்கிறது. அங்குலம் அங்குலமாக இறங்கினேன். சத்தமே இல்லை. பட்டையைக் கழற்றும்போது டெய்லர் அடிக்குரலில் "ஆமென்" என்றார். சபையே "ஆமென்" என்றது. சிலர் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்கள். பாஸ்டர் ஆரம்ப ஜெபம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் பின்வரிசைக்குப் போகத் திரும்பினேன். டெய்லர் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இறக்கினது அருமை," என்றார் காதோடு. "ஆனா வழியெல்லாம் சுருதியைக் கொன்னுட்டே. அடுத்த வாரம் அரைமணி முன்னாடி வா."