கருப்பம்மாவின் பதினாலு கரண்டி

ஆற்றில் ஒரு அடி தண்ணீர் ஏறுவதென்றால், முந்திய நாளே கருப்பம்மாவின் கணுக்காலிலிருந்து ஒரு கரண்டி இரத்தம் வடியும். 1949இல் கொழுந்து நிறை குறைந்ததென்று கங்காணி பொன்னையா பிரம்பால் அடித்து, எலும்பு தெரியப் பிளந்த காயம் அது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று தடவை தைத்தார்கள். மழைக்கு மழை தையல் விட்டது. நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கரண்டி வடிந்தால் துணி துவைக்க ஆற்றுக்குப் போகமாட்டார்கள், அவ்வளவுதான்.

1953இல் பதுளை அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆற்றை அளக்க வந்தார் யாழ்ப்பாணத்து இரகுநாதன். அந்த ஆற்றுக்குப் பழைய கணக்கென்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே வெள்ளத்தை இரண்டு வழியில் கணித்துப் பார்த்தார்: ஒன்று சீமைப் புத்தகத்துச் சூத்திரம், மற்றது அளவு தெரிந்த பக்கத்து ஆற்றை வைத்துப் பிடிக்கும் விகிதம். இரண்டுக்கும் தீனி தோட்டத்து மழைப் புத்தகம். யாருக்கும் காட்டாமல், ஓரத்தில் பென்சிலால் கருப்பம்மாவின் கரண்டிகளையும் குறித்துவந்தார். நான்கு வருஷத்தில் சூத்திரம் ஒன்பது தடவை பொய்த்தது, விகிதம் ஏழு தடவை. கரண்டி ஒரு தடவையும் பொய்க்கவில்லை. படித்த மனுஷனுக்கு அது வெட்கமாக இருந்தது.

1957 மார்கழியில் ஒரு திங்கட்கிழமை காலை கருப்பம்மா இரத்தம் சொட்டச் சொட்ட அவரிடம் வந்தாள். அவளும் இன்னும் பதினொரு குடும்பமும் இருந்த கீழ் லயத்து வரிசை வீடுகள், ஆற்றிலிருந்து பத்தே அடி உயரம்.

"பதினாலு கரண்டி வடிஞ்சிருச்சுங்க ஐயா. நாங்க மேல ஏறணும்னா தோட்டத்துத் தொரை உங்க கடுதாசி கேக்குறாரு."

சூத்திரம் ஐந்தடி என்றது, விகிதம் ஆறடி என்றது. இரகுநாதன் பென்சில் குறிப்புகளைப் பார்த்தார். பிறகு மேலதிகாரி சிரிக்கப்போகும் சிரிப்பை நினைத்தார்.

"இரத்தத்தை நான் அறிக்கையிலை எழுதேலாது. ஆறடிதான் வரும், நீ பயப்பிடாதை."

ஆறடி என்று அவர் துரைக்கு எழுதிய கடிதத்தைக் கண்டதும், மூட்டை கட்டி ஏறியவர்களைப் பொன்னையா அதே பிரம்பால் அடித்து லயத்துக்குள் திருப்பிவிட்டு, வாசலிலேயே காவல் இருந்தான். செவ்வாய் விடியும்போது ஆறு பதினாலடி ஏறியது. சுவர்கள் தூங்கியவர்கள்மேல் சரிந்தன. கூரைத் தகரம் பிய்ந்து வந்து ஓடியவர்களை வெட்டியது. முப்பத்தொரு பேர் செத்தார்கள். பொன்னையா தேயிலைச் செடிக்குள் தலைகீழாகக் கிடந்தான், பிரம்பு கையிலேயே இருந்தது. கருப்பம்மா கிடைக்கவேயில்லை.

பிணங்களை அடுக்கிய பிறகுதான் இரகுநாதன் மழைப் புத்தகத்தை ஊன்றிப் பார்த்தார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்தில்தான் கணக்கப்பிள்ளை மழையை அளப்பார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பெரட்டும் இல்லை. அன்று மழைமானியில் சேர்ந்த நீரைத் திங்கள் காலை கொட்டிக் கழுவிவிட்டுப் பூச்சியம் போடுவது அங்கே வழக்கம். பேய்மழை அடித்த அந்த ஞாயிறும் பூச்சியம்தான். அவர் வாய்விட்டு அழுதார்.

மாலையில் பதுளைக்குத் திரும்பத் தெமோதரையில் ரயிலேறும்போது அவருடைய சப்பாத்து நனைந்தது. கழற்றிப் பார்த்தால், கணுக்கால் எலும்பு தெரியப் பிளந்திருந்தது.

1961இல் கந்தோர்ப் படிவத்தில் சூத்திரம், விகிதம் இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு நிரல் அச்சாகி வந்தது, தலைப்பு கருப்பம்மா. மழைக்காலத்தில் இரகுநாதன் கரண்டியோடு மேசைக்கடியில் குனிவார், நிமிர்ந்து எண்ணைச் சொல்வார். லிகிதர் அதைத் தட்டச்சு செய்து தோட்டங்களுக்கு அனுப்புவார்.