பீப்பாயும் பித்தளைப் பலகையும்

…புகைப்படக்காரியைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாம், சுத்தியலை ஓங்கியவன் பீப்பாயைத்தானே பார்க்க வேண்டும், பீர் ஆலைக்காரன் படித்துப் படித்துச் சொன்னானே, குழாயை நேராப் பிடிச்சு ஒரே போடாப் போடுங்க என்று, கேட்டாரா எக்கார்ட்? ஊர்த் திருவிழாவில் முதல் பீர் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கித் திறப்பது சட்டமன்ற உறுப்பினரான இவரின் வேலை, ஒரு வருஷமும் சொதப்பியதில்லை, இன்றைக்குப் போய்… சுத்தியல் ஓரத்தில் பட்டது, குழாய் பிய்த்துக்கொண்டு போனது, பீர் பீய்ச்சியடித்து மாவட்டத் தலைவர் ரைன்ஹோல்டைத் தலையோடு குளிப்பாட்டியது. நாளைக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம், இன்றைக்குத் தலைவருக்கு அபிஷேகம், பேஷ். கூடாரமே சிரித்தது, நாளைக்கு இவருக்குப் போட்டியாக நிற்கும் அனிக்கா மட்டும் சிரிக்கவில்லை, ஓடி வந்து துண்டை நீட்டினாள், தலைவரிடம் அல்ல, இவரிடம்… பாவம் பார்க்கிறவள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டவள் இல்லையா?

கூடாரத்துக்குப் பின்னால், ஈரக் கால்சட்டையோடு பெஞ்சில், வறுபடும் சாசேஜ் புகைக்கு நடுவே, இதோ எக்கார்ட், ஒரு முன்னாள் வழக்கறிஞர். கேட்டுத்தான் பார்த்தார், "நாளைக்கு எனக்கா, அவளுக்கா?" ரைன்ஹோல்ட் சட்டையைப் பிழிந்துகொண்டே, "உங்க உழைப்பைக் கட்சி என்னைக்கும் மறக்காதுங்க" என்றார். மறக்க மாட்டோம் என்பது செத்தவனிடம் சொல்கிற பேச்சல்லவா… ஆனால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, இந்தப் பாஷையை ரைன்ஹோல்டுக்குப் பழக்கிவிட்டதே இவர்தான், காகித ஆலையை மூடுவாங்களா என்று ஊரே கேட்டபோது, ரொம்ப அக்கறையோட கவனிச்சுட்டு வர்றோம் என்றவர், மூடின பிறகும் கவனித்துக்கொண்டே இருந்தவர். அதே வாய்தானா கறுப்பு அங்கியோடு கோர்ட்டில் நின்று சாட்சிகளை விரட்டியது? கதை வேணாம், ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க… ஊரில் பிள்ளைகள் கூட அதைச் சொல்லி விளையாடினார்கள்.

போகட்டும், நாளைக்குத் தோற்றால் என்ன, சந்தைச் சதுக்கத்தில் பழைய வக்கீல் அலுவலகம் இருக்கிறது, வாசலில் பித்தளைப் பலகை, மேலே இவர் பெயர், கீழே கூட்டாளி ஃபோல்க்மர் பெயர். சட்டமன்றத்துக்கு ஜெயித்து இவர் மியூனிக்குக்குக் கிளம்பிய அன்று, உன் நாற்காலி காத்திருக்கும்டா என்றான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பலகை மங்கிப் பார்த்ததில்லை, காரில் போகும்போதெல்லாம் அந்தப் பளபளப்பைப் பார்த்து நெஞ்சு இளகும், நண்பன்னா இவன்… அவனேதான் வருகிறான், கையில் இரண்டு பீர் குவளை.

"தலைவரு இன்னும் நுரைச்சுக்கிட்டே இருக்காரு" என்று பக்கத்தில் உட்கார்ந்தான் ஃபோல்க்மர்.

"நான் திரும்பி வந்தா இடம் இருக்கா?"

"ஏன்டா, உனக்கு இல்லாத… பார்ப்போம், காலம் எப்படி…"

"கதை வேணாம். ஆமாவா இல்லையா?"

ஃபோல்க்மர் குவளையைக் கீழே வைத்தான். "இல்லடா. உன் நாற்காலியில என் பொண்ணு உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு. உன்னை நம்பி இனி யாரும் கேஸ் கொடுக்க மாட்டாங்க."

"அப்ப என் பேரை எதுக்குத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்க?"

"ஒரே பலகைதானேடா. என் பேரைத் துடைக்கிறப்ப உன் பேரும் சேர்ந்து துடைபடுது, அவ்வளவுதான்."