ஏனைய விடயங்கள்

பேர்லின் நொய்கெல்ன் பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றின் நான்காம் மாடியில், 2005 ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, உறுப்பினர் நால்வரும் சமுகமளிக்க, தியாகராசா குடும்பத்தின் நாற்பத்தேழாவது மாதாந்தக் கூட்டம் ஆரம்பமானது என்பதைச் சகலருக்கும் இத்தால் அறியத்தருகிறோம்.

தலைவர் தியாகராசா ஊர்ச்சங்கமொன்றைப் பதினொரு வருடம் கட்டியாண்டவர். ஜேர்மன் முறைப்படி சங்கம் நடத்திப் பழகிய கையோடு வீட்டையும் சங்கமாக்கிவிட்டார். மகள் தேனுஜா செயலாளர். மனைவி கமலநாயகி தேநீர் உபகுழு. மகன் பிருந்தன், வயது இருபத்துமூன்று, சாதாரண உறுப்பினர். எழுந்து பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். அதற்குள் வேறெவரும் வாய் திறக்கக்கூடாது. தன் பேச்சை யாரும் குழப்பாதிருக்கத் தலைவர் கொண்டுவந்த விதி அது.

பிருந்தனுக்கு அன்று கால் நிலத்தில் பாவவில்லை. ஒன்பது வயதிலிருந்து அப்பாவோடு கந்தோர் கந்தோராக டெர்மின் என்கிற சந்திப்புகளுக்கு மொழிபெயர்க்கப் போனவன். அப்பாவின் விசா, அப்பாவின் நாரிநோ, எல்லாவற்றுக்கும் வாயாக இருந்தவனுக்குத் தன் விஷயத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. பதினைந்து வயதில் தேர் வடம் பிடித்தபோது முன்னால் நின்ற பொடியனின் பிடரியைத் தவிர அவன் வேறெதையும் தரிசிக்கவில்லை. யாரிடம் சொல்வது? இன்று சொல்லப்போகிறான். சரிவந்தால் யன்னலால் கை காட்டுவான். கீழே நிற்கிற யென்ஸ் மேலே வருவான். சரிவராவிட்டால், கட்டிலுக்கடியில் கட்டிவைத்த பையோடு இவன் கீழே போவான்.

குளியலறை பல்ப் நிறைவேறியது. தோய்க்கிற மெஷின் நிறைவேறியது. மூன்றாம் விடயம் இரண்டாங்கைச் சோபா. காலையில் சங்கத்து நண்பர்கள் அதை நடைபாதையில் இறக்கிவிட்டு, நாரிப்பிடிப்பு என்று கூட்டாக மறைந்துவிட்டார்கள். அது இழுபறியில் நின்றது. நான்காவது, ஏனைய விடயங்கள். பிருந்தன் எழுந்தான்.

“அப்பா, எனக்குப் பொம்பிளை பாக்கவேண்டாம். எனக்கு ஆம்பிளையளைத்தான் பிடிக்கும். சின்னனிலையிருந்து அப்பிடித்தான். யென்ஸ் எண்டு ஒருத்தர் இருக்கிறார், ரெண்டு வருசமா. நான் நல்ல சந்தோசமா இருக்கிறன்.”

தலைவரின் வாய் திறந்தது. தேனுஜா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“அப்பா, அண்ணாவுக்கு இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு.”

விதி விதிதான். வாய் மூடியது. பிருந்தன் அந்த இரண்டு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. யென்ஸைச் சந்தித்த பஸ் தரிப்பிடம், அவன் தச்சுவேலை, இடியப்பத்தை அவன் முள்ளுக்கரண்டியால் சுற்றித் தின்கிற அநியாயம் வரை சொன்னான். சொல்லச் சொல்ல, அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது.

“ஆருக்கெல்லாம் தெரியும்?” என்றாள் கமலநாயகி, மெதுவாக.

“தங்கச்சிக்கு. இப்ப உங்களுக்கு.”

பதினொரு வருடம் மைக்கை விடாத மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“பதினாலு நாளைக்கு முதல் எழுத்திலை தந்திருக்கோணும்,” என்றார். “அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறன்.”

எழுந்து யன்னலடிக்குப் போனார். அந்த முதுகைப் பார்த்தபடி பிருந்தன் பையை நினைத்தான்.

“ஆரடா அது? எங்கடை சோபாவிலை குடையோடை ஒருத்தன் குந்திக்கொண்டிருக்கிறான்.”

“அவர்தான் அப்பா.”

வெளியே மழை தூறியது. தலைவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைத் தேடினார்.

“மூண்டாம் விடயம் இன்னும் முடியேல்லை,” என்றார், யாரையும் பாராமல்.

பிருந்தன் படிகளில் பறந்தான். சோபாவின் கீழ்முனையில் யென்ஸ், மேல்முனையில் தலைவர், நடுவில் இவன். மொழிபெயர்க்க ஆளில்லாமல் ஒரு கந்தோர் வாசலும் மிதித்திராத தியாகராசா, இடப்பக்கம் லிங்ஸ், வலப்பக்கம் றெக்ற்ஸ் என்று நேரடியாகவே யென்ஸை அதட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் தேனுஜா குறிப்புப் புத்தகத்தோடு. நான்காம் மாடியில் கமலநாயகி ஐந்து கோப்பைத் தேநீரோடு நின்றாள்.

சோபா கதவால் உள்ளே போகவில்லை.