அழைப்பு அறுந்த இடம்

...காலாவதியாக ஐந்து நிமிடம் முன்னதாகவே புதிய டோக்கனைக் கேட்டு வாங்கியிருக்கலாம், அவ்வளவுதான், பத்து வரி நிரல், இதற்கா இத்தனை மாதம், டோக்கன் என்பது ஒரு மணி நேரம் செல்லுகிற அனுமதிச் சீட்டு, காலாவதியானால் சர்வர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும், தள்ளட்டுமே, மறுபடி உள்ளே வரட்டுமே என்று இந்தச் செயலியை எழுதியவள் இவள்தான், வீடியோ அழைப்பில் யார் அவ்வளவு நேரம் பேசப்போகிறார்கள் என்று சிரித்தவளும் இவள்தான்... அக்கா பேசினாள், ஒரு மணி நேரம். அன்றைக்கு ஊர்க்கதையெல்லாம் ஓய்ந்தபின், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி, அத்தான்கிட்ட மூச்சு விடாத, நான்..." என்றாள், திரை வெளுத்தது, 'மீண்டும் உள்நுழைக' என்று வந்தது. உடனே கூப்பிட்டிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை? வேலை இருந்தது, இல்லை, அதல்ல, அக்காவின் குரல் அப்படி இறங்கியதும் கேட்காமலே இருந்துவிடலாம் போலிருந்தது, அழைப்பு அறுந்ததும் அப்பாடா என்றிருந்தது... அப்பாடாவா! சொந்த அக்காவிடம்!

நிரலைத் திருத்தியாயிற்று, இப்போது சோதனை, காலியான மீட்டிங் அறை, கதவைச் சாத்தியாயிற்று, "என்னடி, அதிசயமா பகல்ல?" என்று எடுத்த அக்கா துணி மடித்துக்கொண்டே பேசினாள், குழாய் ஒழுகுவது, மேல்வீட்டுக்காரியின் நாய், இவள் ஒரு கண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்திருந்தாள், புதிய டோக்கன் வந்தது, பழையது சத்தமில்லாமல் விலகியது, அக்காவின் ஒரு சொல்கூட உடையவில்லை, ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, இப்போது கேட்கலாம், கேள், கேட்டுத் தொலை... "அக்கா, அன்னைக்கு கட் ஆச்சே, ஏதோ சொல்ல வந்தியே?" அக்கா ஒரு சட்டைக் கையை நீவினாள், ஏற்கனவே சுருக்கமில்லாத கை. "அதுவா... ஒண்ணுமில்லடி, சரியாப் போச்சு." சரியாப் போச்சா? எப்படி? யாரால்? முகம் இளைத்திருக்கிறதே, இது எப்போதிலிருந்து? "ஏன்டி, திடீர்னு இவ்வளவு நேரம் பேசற?" "ஒரு மணி நேரம் தாண்டினா கட் ஆகுதான்னு பாக்கத்தான்கா, சரி பண்ணிட்டேன்," என்றாள், சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. அக்கா சிரித்தாள், கோபமே இல்லை, கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை, "அப்போ உன் வேலை முடிஞ்சுதா? வெச்சிடட்டுமா?" வைக்காதே என்று சொல்ல வேண்டும், இவள் கண் மறுபடி திரையின் ஓரத்துக்கே போனது, அக்கா மடித்த துணியை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், அழைப்பு அறுபடவில்லை, இனி அதுவாக அறுபடவும் போவதில்லை, இரண்டு பேரில் ஒருவர்தான் துண்டிக்க வேண்டும்...