பூதத்தின் டார்கெட்

எங்கள் கம்பெனியில் டைலர்களுக்கு ஆகவே ஆகாத ஆள் யார் என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்னைத்தான் கை காட்டுவார்கள். மிச்சம் பத்துப் பேர் போன வாரம் சேர்ந்தவர்கள். முதலிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் ஆபீசர். பெயர்தான் பெரிது. ஸ்டாப் வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டைலர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, ஒரு பீஸுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளப்பதுதான் வேலை. அளந்ததை வைத்து, மணிக்கு இத்தனை பீஸ் என்று லைனுக்கு டார்கெட் போடுவேன். ஒரு மெஷினில் வேலை குவிந்து, அடுத்த மெஷின் சும்மா உட்காரக் கூடாது. இதற்கு லைன் பேலன்சிங் என்று பெயர். எனக்கு இதில் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதே புத்தியோடு பூதங்களை அளப்பேன்.

அது ஒரு விளையாட்டு. கோவையில் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. ஒருவன் கதையை நடத்துவான். அவன் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். காடு வரும், குகை வரும், எதிரி வருவான். இருபது முகப் பகடையை உருட்டிச் சண்டை போட வேண்டும். கம்பெனிக்குள் இது நுழைந்ததற்கு ஆடிட்தான் காரணம். தொழிலாளிகளுக்குப் பொழுதுபோக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டுவிட்டான். நான் பகடையை எடுத்து வந்தேன். பன்னிரண்டு பேரை உட்கார வைத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்ததும் பத்துப் பேர் எழுந்து போய்விட்டார்கள். ரோஸ்மேரியும் பாண்டியம்மாளும் மட்டும், "அந்தக் குகைக்குள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஆரம்பித்தது இரண்டு வருடமாக ஓடுகிறது. இடம், காதர்பேட்டையில் என் பள்ளித் தோழன் அய்யூப்பின் மொத்த வியாபாரக் கடை மாடி. பனியன் பண்டல்கள்தான் நாற்காலி.

அய்யூப்பின் பாத்திரம் வாள் வீரன். ஆனால் வாளை உருவுவதற்கு முன் எதிரியிடம் விலை பேசிப் பார்ப்பான். ரோஸ்மேரிக்கு முப்பத்தைந்து வயது, சாத்தான்குளத்துக்காரர், மூன்றாவது லைனில் ஓவர்லாக் டைலர். விளையாட்டில் வில் எடுத்தவர். அதனால் நாங்கள் அவரை 'வில்லி' என்போம். பாண்டியம்மாளுக்கு ஐம்பத்து நாலு வயது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, இருபது வருடமாக பேட்லாக் மெஷினில் பனியனின் அடிப்பக்கத்தை மடித்துத் தைக்கிறவர். ரோஸ்மேரி ஓவர்லாக்கில் இரண்டு பக்கமும் இணைத்து அடித்துத் தள்ளும் பீஸ்தான் அடுத்து அவர் கைக்கு வரும். விளையாட்டில் அவர் வைத்தியச்சி. முப்பத்தொரு புள்ளி உயிர், அவ்வளவுதான். இரண்டு அடி பலமாக விழுந்தால் ஆள் காலி.

முதல் வாரம் பாண்டியம்மாள் பகடையில் ஒன்று விழுந்தது. இந்த ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் நாசம். அவரோ, "தாயம்!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, இதுல ஒண்ணு விழுந்தா கெட்டதுங்க."

"என்ன தம்பி பேசுதீக? தாயம் விழாம எவன் காயை இறக்குவான்? ஒலகம் பூரா ஒண்ணுதான் ஒசத்தி!"

அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்று விழுந்தால் நல்லது என்று விதியை மாற்றிக்கொண்டேன். வேறு வழி?

ஆனால் சண்டையை அளப்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கேம் மாஸ்டருக்குத் தலைவலியே அதுதான். பூதம் லேசாக இருந்தால் ஆடுகிறவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். பலமாக இருந்தால் எல்லோரும் செத்து, ஆட்டம் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ரவுண்டிலும் யார் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வருவேன். ரோஸ்மேரி சராசரி பதினாலு, அய்யூப் பதினொன்று. பாண்டியம்மாள் ஆறு புள்ளி உயிர் ஏற்றிவிடுவார். ரோஸ்மேரி எப்போதும் ஒரே ஒரு அம்புதான் விடுவார். "கை வலிக்கி சார், ஒண்ணு போதும்" என்பார். அவர் பாத்திரத்தின் தாளில் வேறு என்னென்ன திறமை எழுதியிருக்கிறது என்று நான் புரட்டிப் பார்த்ததில்லை. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பேன். கண்ணால் பார்த்து அளந்தால்தான் எனக்குக் கணக்கு. அது தொழில் புத்தி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இரண்டு வருடக் கதையை முடிக்கும் கடைசிச் சண்டைக்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு சாயப் பூதத்தைச் செய்தேன். ஆற்றுக்கு அடியிலிருந்து எழும், ரவுண்டுக்கு ஒரு நிறம் மாறும். உயிர் நூற்று முப்பது, ஒரு அடிக்குப் பன்னிரண்டு. நாலாவது ரவுண்டில் வைத்தியச்சி தள்ளாடுவாள், எல்லோரும் பதறுவார்கள், அதற்கு அடுத்த ஓரிரு ரவுண்டில் பூதம் விழும். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக நான் ஒரு லைனைக்கூட பேலன்ஸ் பண்ணியதில்லை.

சண்டைக்குக் குறித்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"ராஜ்கமல், மூணாவது லைன் மணிக்கு எழுவது பீஸ்லயே நிக்குது. எண்பத்தஞ்சு வேணும். திங்கக்கெழமை புதுசா டைம் ஸ்டடி எடுத்துரு."

"சரிங்க சார்."

"அந்த பாட்டம் அடிக்கிற அம்மா, பாண்டியம்மாளா? எண்பத்தஞ்சுன்னா அதுனால முடியாது. எடுத்துட்டு வேற ஆள் போட்டுக்கலாம். உன்ற ரிப்போர்ட் மட்டும் கையில வந்தாப் போதும்."

"சரிங்க சார்" என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அளக்கிறவன். தராசு என்ன பண்ணும்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பூதம் எழுந்தது. கார்ட்டன் அட்டையை மடித்து என் முன்னால் மறைப்பாக நிறுத்தியிருந்தேன். பூதத்தின் உயிரும் அடியும் பென்சிலால் எழுதிய தாள் அதற்குப் பின்னால் இருந்தது. அய்யூப் வழக்கம்போல, "ஏனுங்க பூதம், ஒரு ரேட்டச் சொல்லுங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்றான். பாண்டியம்மாள் பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் முறை ரோஸ்மேரிக்கு வந்தது.

"சார், மூணு அம்பு விடுதேன்."

"ஒண்ணுதானுங்க விடுவீங்க?"

"தாளுல இருக்கு சார். போன போருல கெடச்ச இரும்பு முனையும் இருக்கு. அதப் போட்டா மூணு மடங்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது. அவர் மூன்று முறை பகடையை உருட்டினார். நாற்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. மொத்தம் நூற்று முப்பத்தைந்து.

பூதம் செத்துவிட்டது. இன்னும் ஒரு நிறம்கூட மாறவில்லை. மூன்று மாத உழைப்பு மூன்று உருட்டில் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இரண்டு வருடம் இந்த அம்மா பதினாலைக் காட்டி என்னை ஏய்த்திருக்கிறார்! அட்டைக்குப் பின்னால் ரப்பரை எடுத்தேன். 130ஐ அழித்து 260 என்று எழுதினேன். எழுதுவதுதான் எழுதுகிறோம் என்று 12ஐயும் அழித்து 24 ஆக்கினேன்.

"பூதம் தள்ளாடுது. ஆனா விழுகல" என்றேன்.

அய்யூப் வெட்டினான், பன்னிரண்டு. பூதம் திரும்பி, பக்கத்தில் நின்ற வைத்தியச்சியை அடித்தது. இருபத்து நாலு. மிச்சம் ஏழு உயிர். பாண்டியம்மாள் தனக்குத் தானே மருந்து போட்டு அதைப் பதிமூன்று ஆக்கிக்கொண்டார். ரோஸ்மேரியிடம் இரும்பு முனை தீர்ந்துவிட்டது, மூன்று அம்பு விடுவதும் ஒரு சண்டைக்கு ஒரு தடவைதான். அவசரமாக விட்ட அம்பு குறி தவறியது. பூதம் மறுபடி கை ஓங்கியது.

"தப்பிக்கிறதுக்கு உருட்டுங்கக்கா."

பகடை பண்டலில் மோதி, சுற்றி, இரண்டைக் காட்டி நின்றது. தாயத்துக்கு ஒன்று கூடுதல்.

"செத்துட்டனா தம்பி?"

"ஆமாங்கக்கா."

"ரொம்பத் துடிக்கலயே?"

"இல்லீங்க."

"அது போதும்." பாண்டியம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சும்மாதான இருக்கேன், நாம் போயி டீ வாங்கியாரேன். ஆளுக்கொரு வடை சொல்லட்டா? நீங்க ஆடுங்க."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கிப் போனார். ரோஸ்மேரி பகடையைத் தொடவில்லை. என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒங்க சட்டையெல்லாம் ரப்பர் தூளு."

தட்டிவிட்டேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை. அய்யூப் எட்டி அட்டையைச் சாய்த்துத் தாளைப் பார்த்தான். பென்சில் எழுத்து எப்போதாவது முழுக்க அழிந்திருக்கிறதா?

"யாவாரிகூட வெல சொன்னா சொன்னதுதான் மாப்ள" என்றான்.

எனக்கும் கோபம் இருந்தது. "ரெண்டு வருஷமா ஏனுங்க மறைச்சீங்க? மூணு அம்பு இருக்கறதை முன்னயே காட்டியிருந்தா நான் அதுக்குத் தகுந்த பூதத்தைக் கொண்டாந்திருப்பேனில்ல?"

"அதுக்குத்தாம் சார் காட்டல." ரோஸ்மேரி குரலை உயர்த்தவே இல்லை. "நாங் காட்டுனா நீங்க ஏத்துவிய. ஏத்துனா எனக்கு ஒண்ணும் ஆவாது, ஓடிப் பொழச்சிக்கிடுவேன். அக்காவுக்கு முப்பத்தொண்ணுதான் உசுரு. ஒங்க பெரிய பூதம் மொதல்ல அவியளத்தான் அடிக்கும்."

ரோஸ்மேரி பகடையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"இன்னைக்குக் கடைசி ஆட்டம், இனிமே ஏத்த என்ன இருக்குன்னு நெனச்சுக் காட்டிட்டேன். அப்பவும் ஏத்திட்டியள்ளா?"

படியில் தூக்குவாளிச் சத்தம் கேட்டது. பாண்டியம்மாள் மூச்சு வாங்க வந்து டீயை ஊற்றினார். "என்ன, ஊமையா ஒக்காந்திருக்கீக? யாரு செயிச்சா?" என்று கேட்டார். அவர் எல்லோருக்கும் வடையைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வடையைத் தின்றேன், அதுவும் உண்மை.

திங்கட்கிழமை காலை மூன்றாவது லைனுக்குப் போனேன்.

"பாத்தீகளா தம்பி, நேத்துத்தான் செத்தேன், இன்னிக்கு எட்டரைக்கு டாண்ணு வந்து ஒக்காந்துட்டேன்" என்று பாண்டியம்மாள் சிரித்தார். பக்கத்து மெஷின்காரி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

ரோஸ்மேரியின் பின்னால் நின்று வாட்சை எடுத்தேன். பார்த்தார். பீஸை எடுத்து ஒரு தடவை தட்டினார், ஓரம் சேர்த்தார், இன்னொரு தடவை தட்டினார், அப்புறம்தான் ஊசிக்குக் கீழே வைத்தார். ஐம்பத்தொரு நொடி. அடுத்தது ஐம்பத்திரண்டு. அடுத்தது ஐம்பத்தொன்று. இரண்டாவது தட்டல் எதற்கு என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை. எத்தனை ரிப்போர்ட்டில் அதையும் வேலை என்றே எழுதியிருக்கிறேன்! இந்தக் கை நாற்பதில் முடிக்கும். அந்தத் தட்டலை எடுத்துவிட்டாலே போதும், எண்பத்தைந்தும் வரும், அதற்கு மேலும் வரும். சட்டி நிறைய வைத்துக்கொண்டு அகப்பையில் கொஞ்சமாக அள்ளுகிறவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"கை வலிக்கி சார்" என்றார், திரும்பாமலே.

மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றார். "என்னப்பா, எண்பத்தஞ்சு வருமா?"

பாண்டியம்மாளின் மெஷின் நின்றது. ரோஸ்மேரி தட்டிக்கொண்டிருந்த பீஸைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பென்சிலைக் காதில் செருகிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஐம்பத்தொன்று என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"வராதுங்க சார். ஓவர்லாக்லயே அம்பத்தொரு செகண்டு ஆகுது. மணிக்கு எழுவதுதானுங்க பீஸ் வந்து விழுகும். பாட்டம்ல ஆளை மாத்துனா, மாத்துன ஆளும் சும்மாதானுங்க உக்காந்திருக்கோணும்."

"நல்லாப் பாத்தியா?"

"கூடவே நின்னு அளந்தனுங்க."

அவர் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே நாலாவது லைனுக்குப் போனார். நான் வாட்சை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். பத்தடி போவதற்குள், பின்னால் ஓவர்லாக் மெஷின் ஒரே மூச்சில் பாய்ந்து ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தட்டல் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.