நான்காம் மாடி மடை

செகந்திராபாத் மாரெட்பள்ளி பூர்ணிமா ரெசிடென்சியின் மாடிப்படியில் இந்த வருஷம் சாமை நன்றாக விளைந்திருக்கிறது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் போட்ட அவரைதான் சுமார், பூச்சி விழுந்துவிட்டது. வெளியே தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் அதே பழைய நாலு மாடிதான். முனிசிபாலிட்டியிலிருந்து வந்தவர்கள்கூட வெளிப்புறமாக டேப் பிடித்து அளந்துவிட்டு, பிளானில் உள்ள உயரம்தான், ஒரு சாண்கூட ஏறவில்லை என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஏறினால் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குப் போய்ச்சேர அரை நாள் ஆகும். நம்பாதவர்கள் தாராளமாக வந்து ஏறிப் பார்க்கலாம். குடிக்கத் தண்ணீர் எடுத்து வரவும், களைத்து விழுந்தால் யாரும் தூக்கிக்கொண்டு இறங்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் அன்னம்மாளின் முழங்கால். கொல்லிமலையில் சரிவிலேயே பிறந்து, சரிவிலேயே வாக்கப்பட்டு, படிப்படியாகக் கல்கட்டிய காட்டில் பாடுபட்டவர் அவர். மகள் சுபாஸ்ரீ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கி, அம்மாவையும் அழைத்துக்கொண்டார். வந்த அம்மாளுக்குச் சமதரையில் நடந்தால் முழங்கால் வலித்தது. டாக்டர் மாடிப்படி ஏறவே கூடாது என்றார். அன்னம்மாள் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அன்றைக்கே லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினார், வலி போயே போச்சு. ஏறும்போதுதான் அந்தக் கொடுமையைக் கண்டார். எல்லோரும் லிஃப்டில் போவதால் படிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. மொட்டைமாடித் தொட்டி தினமும் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் படிப்படியாக இறங்கிக் கீழே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. "இத்தன படி கட்டி, தண்ணியும் வுட்டு, சும்மா போட்டு வெச்சிருக்காங்களே! பாவம், வெதை கெடைக்கலையாட்ட இருக்குது" என்று மகளிடம் அங்கலாய்த்தார். மீட்டிங்கில் இருந்த சுபாஸ்ரீ காதில் வாங்காமல், "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். உத்தரவு கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த சாமை, துவரை, அவரை எல்லாவற்றையும் மலையில் செய்வதுபோல ஒன்றாகக் கலந்து படிகளில் விதைத்தார். நிழலுக்கு லிஃப்ட் ஓரம் ஒரு பலாக்கொட்டை, பலாவில் ஏற ஒரு மிளகுக் கொடி, அதன் நிழலில் நாலு காப்பி நாற்று.

முதலில் மூலைத் தூசியில் முளைத்தது. பிறகு மண் தானாகவே வந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை, மண்ணைப் போய் யார் கேட்பார்கள்? ஆடி மாதத்துப் போனாலு பண்டிகைக்குள் ஒவ்வொரு படியும் கட்டில் அகலம் ஆயிற்று, சங்கராந்திக்குள் ஒவ்வொன்றும் ஒரு வயல். பலா லிஃப்ட் குழிக்குள் வேர்விட்டு நிமிர்ந்தது, மிளகுக் கொடி லிஃப்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டது, லிஃப்ட் நின்றுவிட்டது. கீழ்வீட்டுப் பானு, வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் காலையில் மூன்றாம் மாடிக்குப் போனவர் சாயங்காலம் போர்வை போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். "ஹவ், ஆமா, மேல மேகம் இருக்கு. கைக்கு, ஏன் யாரும் சொல்லல?" என்று பாதி ஊர் உருதுவிலும் பாதி தமிழிலும் கோபித்துக்கொண்டார். மே மாதம் செகந்திராபாத் முழுக்க வாணலியில் வறுபட்டபோது மூன்றாம் மாடியில் பஞ்சு ரஜாய் போர்த்தியும் போதவில்லை. இரண்டாம் மாடிச் சுனிலுக்கு அதுவரை இல்லாத உறவினர்கள் எல்லாம் விஜயவாடாவிலிருந்து வந்து இறங்கினார்கள். வந்தவர்களை அவர் களை எடுக்க விட்டார்.

வயல் என்று வந்தபிறகு முறை என்று ஒன்று வேண்டும். அன்னம்மாள் அதை பஸ் நேரம் சொல்வதுபோல எல்லோருக்கும் சொன்னார். மேல்வயல்காரர் காலையில் மடையைத் திறக்க வேண்டும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய், அங்கிருந்து "வந்துருச்சு" என்று குரல் ஏறி வரும்வரை அவர் வாயில் காப்பி படக்கூடாது. அதற்குப் பதிலாக, மேலேயிருந்து சரிந்து வரும் மண்ணைக் கீழே உள்ளவர்கள் அபகரிக்கக் கூடாது. கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். மேலே உள்ளவர் எல்லைக் கல்வரை இறங்கி வந்து, தன் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும். "அங்க வெச்சுட்டுப் போ" என்று சொல்வது மலையில் பெரிய அவமரியாதை. அப்படிச் சொன்னவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்களாம்.

மேல்வயல்காரர் யார் என்றால், வேறு யார், நான்காம் மாடி சீதாராமன்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குக் கணக்கு எழுத வந்த குடும்பம். ரிட்டயரானபின் ஆள ஒன்றும் இல்லாமல் அசோசியேஷன் செகரட்டரி ஆனவர். படியில் செருப்பு ஸ்டாண்டுகூட வைக்கக் கூடாது என்று விதி போட்ட மனிதரிடம் போய்ச் சாமைக் காட்டைக் காட்டினால் எப்படி இருக்கும்? வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் விட்டார். எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டுவிட்டுக் களை எடுக்கப் போனார்கள். அவர் மனைவி அலமு மாமியும் போனார். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து காய்கறி, பால், அவருடைய பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் அத்தனை வயல் ஏறிச் சுமந்து வந்தவர் மாமிதான். மூச்சிரைக்க வாசலில் வந்து நிற்கும்போது, சீதாராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "வெச்சுடு" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மனிதர் கெட்டவர் இல்லை. கை நீட்டி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் பிளம்பரைப் பிடித்து, தொட்டி வழியாதபடி மிதவை வால்வு போட்டார். தண்ணீர் வீணாகிறது என்பது அவர் வாதம், விதிப்படி சரியும்கூட. வாரம் திரும்புவதற்குள் சாமை வாடியது. தண்ணீர் தராதவருக்கு யார் மண் சுமப்பார்கள்? மேல் படிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒருநாள் காலையில் மாமி கறிவேப்பிலை பறிக்க இறங்கித் திரும்பி வந்தபோது, அவர்கள் வாசலுக்குக் கீழே மூன்று ஆள் உயரத்துக்கு வெறும் செங்குத்துப் பாறை. மாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு கறிவேப்பிலையோடு அன்னம்மாள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, புருஷருக்குப் போன் போட்டார்.

"ஏன்னா, நம்மாத்துக்குப் படி இல்லை."

"இல்லைன்னா என்ன அர்த்தம்? ஏறி வா."

"பல்லியா நான் ஏறி வர? வால்வைத் தொறங்கோ, வரேன்."

"அலமு, எனக்குக் காப்பி?"

"நக்கோன்னா நக்கோதான்னா, என்னால முடியாது. நீங்களே போட்டுக்கோங்கோ."

போட்டுக்கொள்வதாவது! டிகாக்ஷன் இறங்கும் பாத்திரத்தில் எது மேல், எது கீழ் என்பதே அவருக்குத் தெரியாது. ஆர்டர் செய்த சாப்பாடு இரண்டாம் மாடியோடு நின்றது. கொண்டுவந்தவர் பலா மரத்தடியில் உட்கார்ந்து அதைத் தானே சாப்பிட்டுவிட்டு, வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதிவு செய்துவிட்டார். சீதாராமன் ரஸ்க்கைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றார். ஜன்னல் வழியாக மேகம் வந்து பேப்பரை நனைத்தது. மூன்றாம் மாடியிலிருந்து மாமியும் அன்னம்மாளும் சிரிக்கும் சத்தம் கேட்டது. தன் மனைவிக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. இவள் திரும்பி வரவே மாட்டாளோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. அந்தப் பயத்துக்கு முன்னால் பசி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போனார். திருகத் தெரியாததால் சுத்தியலால் அடித்து வால்வை உடைத்தார். தொட்டி வழிந்தது, தண்ணீர் அவர் வாசலைத் தாண்டி, பாறையில் விழுந்து, கண்ணுக்குத் தெரியாத வயல்களுக்குள் போயிற்று. அவர் வாசலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறியது. ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எங்காவது நின்றுவிட்டதோ, யாராவது மறித்துவிட்டார்களோ என்று அவர் பட்ட பாடு பெண்டாட்டி பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. கடைசியில் அடிவாரத்திலிருந்து பானுவின் குரல், "ஆ கயா!" அதை வாங்கி, மேலே சுனில், "வச்சேசிந்தி!" அதற்கும் மேலே அன்னம்மாள், "வந்துருச்சுங்கய்யா!" அந்த ஆசாமி ஒற்றை ஆளாக வாசலில் உட்கார்ந்து அழுதார். அழுததைச் சொல்ல எழுதுகிறவனுக்கு ஒன்றும் வெட்கம் இல்லை.

மத்தியானம் மண் வந்தது. கட்டடமே கூடை சுமந்து, கீழிருந்து கல் அடுக்கி, படிகளை மறுபடி எழுப்பிக்கொண்டு ஏறியது. முதல் ஆளாக இடுப்பில் கூடையோடு வந்தவர் அலமு மாமி. எல்லைக் கல்லுக்கு வந்து நின்றார், மேலே ஏறவில்லை. மூச்சு இரைத்தது. சீதாராமனின் வாய் பழக்கத்தில் "வெச்சு..." என்று ஆரம்பித்து, அப்படியே மூடிக்கொண்டது. ஈரப் பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி, வேட்டி கிழிய எல்லைக் கல்லுக்கு வந்து விழுந்தார். எழுந்து, இரண்டு கையையும் நீட்டிக் கூடையை வாங்கினார். வாங்கிய வேகத்தில் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

"கனக்கறதா?" என்றார் மாமி.

"ஹவ்" என்றார் சீதாராமன்.

அதற்குமேல் அவர்கள் அதைப்பற்றிப் பேசியதாகத் தகவல் இல்லை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்டைப் பலாவுக்கே விட்டுவிடுவதென்று ஏகமனதாக முடிவாயிற்று, முன்மொழிந்தவர் செகரட்டரி. மாமி தன் பங்குக்கு நான்காம் மாடிக்கு அடுத்த கீழ்ப்படியை எடுத்து அவரை விதை போட்டிருக்கிறார், விடிந்ததும் அங்கே இறங்கிவிடுவார். சீதாராமன் மடையைத் திறந்துவிட்டு, கீழேயிருந்து மூன்று பாஷையிலும் குரல் வரும்வரை காத்திருப்பார். வந்தபிறகு, படியிலேயே விளைந்த காப்பிக்கொட்டையை அரைத்து டிகாக்ஷன் இறக்கி, இரண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு எல்லைக் கல்வரை இறங்குவார். ஒன்றை மாமியின் கையில் கொடுப்பார். காப்பி இன்னும் வாயில் வைக்க விளங்காது. மாமி குடித்துவிடுகிறார்.